பெட்டி பேசவில்லை: கடைத்தெருவிலிருந்து ஓர் அறிவியல் பாடம்

ஒரு திங்கட்கிழமை காலை. ஒன்பதாம் வகுப்பில் எப்போதும் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு மாணவிகள் அன்று வேறு வேறு வரிசையில் இருந்தார்கள். ஒருத்தி ஜன்னல் பக்கம், மற்றவள் கதவுப் பக்கம். மதிய உணவின்போதும் சேரவில்லை. கேட்டால் இருவருமே, "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார்கள்.

மாலையில்தான் விஷயம் தெரிந்தது. ஒருத்தியின் அம்மா பள்ளிக்கு அடுத்த தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மற்றவளின் அப்பா பெயின்டர். ஞாயிற்றுக்கிழமை இரவு மகளுடன் கடைக்குப் போய் 185 ரூபாய்க்குப் பொருள் வாங்கினார். கடையில் ஒட்டியிருந்த கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பணமும் செலுத்தினார். அவர் செல்பேசி 'செலுத்தப்பட்டது' என்று காட்டியது. ஆனால், மேசை மேல் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. "பெட்டி சொல்லல, அப்போ பணம் வரல" என்று அந்த அம்மா பொருளைத் தர மறுத்துவிட்டார். அப்போது கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

இரவில் கணக்கைப் பார்த்தபோது பணம் வந்திருந்தது. மறுநாள் காலையிலேயே பொருளைக் கொடுத்தனுப்பிவிட்டார். ஆனால், நான்கு பேர் முன்னால் அப்பா தலைகுனிந்து நின்றதை மகளால் மறக்க முடியவில்லை.

கடைக்கார அம்மாவின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் யாரோ ஒருவர் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, 640 ரூபாய் செலுத்திவிட்டதாகச் சொல்லி எண்ணெயும் அரிசியும் வாங்கிப் போய்விட்டார். பணம் வரவே இல்லை. "நான் ஏமாந்தவ டீச்சர். பெட்டி சொல்லலன்னா நான் யாரை நம்புறது?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனால், அதற்குள் ஓர் அறிவியல் பாடம் இருப்பது தெரிந்தது. மூன்று பாடவேளைகளில் அதை நடத்தினேன். நம் பள்ளிகளில் எவரும் செலவில்லாமல் நடத்தக்கூடிய பாடம் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

கடையில் பிறந்த கருத்து

பொருள்கள் தாமே செய்தி அனுப்பிப் பெறும் அமைப்பைப் 'பொருள்களின் இணையம்' என்கிறோம். இந்தக் கருத்து பெயர் பெற்றதே ஒரு கடைச் சிக்கலிலிருந்துதான். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் பணிபுரிந்த கெவின் ஆஷ்டன், ஒரு குறிப்பிட்ட நிற உதட்டுச்சாயம் கடை அலமாரியில் அடிக்கடி இல்லாமல் போவதைக் கவனித்தார். அலமாரியில் சரக்கு தீர்ந்தது அதை அனுப்ப வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. பொருளே தன் இருப்பைக் கணினிக்குச் சொன்னால் என்ன என்று அவர் யோசித்தார். 1999இல் தம் நிறுவனத்தாருக்கு அதை விளக்கியபோது அவர் வைத்த தலைப்பே 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்'.

அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே கடைப் பொருளுக்கு ஓர் அடையாள எண் கிடைத்துவிட்டது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் பல்பொருள் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பட்டைக் குறியீடு முதன்முதலாகக் கட்டணமேசையில் ஸ்கேன் செய்யப்பட்டது. விலை 67 சென்ட். கடையில் நாம் இன்று தினமும் பார்க்கும் சதுரமான கியூ.ஆர். குறியீடு 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் உருவாக்கியது. கார் உதிரி பாகங்களைக் கண்காணிக்கவே அதை உருவாக்கினார்கள். நம் நாட்டில் 2016இல் யு.பி.ஐ. முறை வந்தபின் அதே சதுரம் பூக்கடையிலும் இளநீர் வண்டியிலும் தொங்குகிறது.

இவ்வளவையும் பத்து நிமிடத்தில் கதையாகச் சொல்லிவிடலாம். குழந்தைகள் கேட்பார்கள். மீதி நேரத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பாடவேளை 1: மூன்று கேள்விகளுடன் கடைக்கு

கடைக்காரரின் அனுமதி பெற்று, கூட்டம் இல்லாத நேரத்தில் ஆறு ஆறு பேராக மாணவர்களை அழைத்துச் சென்றேன். கையில் நோட்டும் பேனாவும் மட்டும். ஒவ்வொரு கருவியைப் பற்றியும் மூன்று கேள்விகள்:

1. இது எதை உணர்கிறது?
2. யாரிடம் சொல்கிறது?
3. அதன்பின் என்ன நடக்கிறது?

இரண்டாவது கேள்விதான் பாடத்தின் உயிர். எடுத்துக்காட்டாக, எலக்ட்ரானிக் தராசு. தட்டின் கீழே ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. எடை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பித்தகடு நீள்வதால் அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே எண்ணாகத் திரையில் தெரிகிறது. மின்தடை பாடம் நடத்தும்போது நாம் எழுதும் சூத்திரம் தக்காளி நிறுக்கும் இடத்தில் வேலை செய்கிறது! ஆனால், தெருக்கடையின் சாதாரணத் தராசு யாரிடமும் எதையும் அனுப்புவதில்லை. அது மின்னணுக் கருவி, இணைந்த கருவி அல்ல. இந்த வேறுபாட்டைக் குழந்தைகள் தாமே கண்டுபிடிக்க வேண்டும்.

அதே தராசை ரேஷன் கடையில் பில் போடும் கருவியுடன் இணைத்தால் கதை மாறுகிறது. நிறுத்த எடை நேராகப் பில்லுக்குப் போகிறது. கையால் எண்ணை மாற்றி எழுத வழியில்லை. இப்படி இணைப்பது எடை குறைவைத் தடுப்பதற்காக.

பெரிய துணிக்கடைகளில் சட்டையோடு தொங்கும் அட்டைக்குள் சில சமயம் ஒரு ரேடியோ அடையாள வில்லை இருக்கும். அதில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். நம் ஊரில் கடை இல்லாவிட்டாலும் எடுத்துக்காட்டு இருக்கிறது. காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் அதே வகைதான்.

திரும்பி வந்ததும் கரும்பலகையில் மூன்று பத்திகள் போட்டு நிரப்பினோம். கடையில் பார்த்த ஒன்பது பொருள்களில் இணைந்தவை மூன்றுதான்: பணப்பெட்டி ஒலிபெருக்கி, பால் நிறுவனத்துக்கு ஆர்டர் போடும் செல்பேசி, கண்காணிப்புக் கேமரா.

பாடவேளை 2: ஏழு பேர் நாடகம்

எங்கள் பிரச்சினைக்கு விடை கிடைத்தது இந்த வகுப்பில்தான். ஏழு மாணவர்களை வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை: வாங்குபவரின் செல்பேசி, வாங்குபவரின் வங்கி, யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ., கடைக்காரரின் வங்கி, பணச்சேவை நிறுவனத்தின் சர்வர், செல்பேசிக் கோபுரம், ஒலிபெருக்கிப் பெட்டி. உண்மையான பாதை இதைவிடச் சற்றுச் சிக்கலானது. ஒன்பதாம் வகுப்புக்கு இந்தச் சுருக்கம் போதும்.

முதல் சுற்று: '185 ரூபாய்' என்று எழுதிய துண்டுச்சீட்டு கை மாறி மாறிப் போகிறது. கடைக்காரரின் வங்கி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, சர்வருக்குத் தகவல் தருகிறது. சர்வர் கோபுரத்துக்கு, கோபுரம் பெட்டிக்கு. பெட்டி உரக்கச் சொல்கிறது: "நூற்று எண்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது!" வகுப்பே கைதட்டியது.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டேன்: "வாங்குபவரின் செல்பேசி பெட்டியோடு நேராகப் பேசியதா?" இல்லை. செல்பேசி வரிசையின் ஒரு முனையில், பெட்டி மறுமுனையில். பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் கார்டு இருக்கிறது. அது பணச்சேவை நிறுவனத்தின் சர்வர் சொல்வதை மட்டுமே கேட்கும். பக்கத்தில் நிற்பவரின் செல்பேசித் திரையில் என்ன தெரிகிறது என்று அதற்குத் தெரியாது.

இரண்டாம் சுற்று: கோபுரமாக நின்ற மாணவனை உட்காரச் சொன்னேன். சீட்டு போனது. வங்கியின் நோட்டில் 185 பதிவானது. ஆனால், பெட்டி பேசவில்லை.

மூன்றாம் சுற்று: ஒரு மாணவன் காகிதத்தில் '640 ரூபாய் செலுத்தப்பட்டது' என்று அழகாக எழுதிக் கடைக்காரரிடம் காட்டினான். துண்டுச்சீட்டு எதுவும் நகரவில்லை. வங்கி நோட்டு காலி. பெட்டி பேசவில்லை.

நான்காம் சுற்று: கடையின் கியூ.ஆர். அட்டை மேல் வேறொருவர் தன் குறியீட்டை ஒட்டிவிட்டார். வாங்குபவர் நேர்மையாகவே பணம் செலுத்தினார். சீட்டு வேறு யாரோ ஒருவரின் வங்கிக்குப் போனது. இப்போதும் பெட்டி பேசவில்லை.

கரும்பலகையில் நான்கு சுற்றுகளையும் எழுதி, "பெட்டி பேசினால் நமக்கு என்ன தெரியும்? பேசாவிட்டால் என்ன தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவி சொன்னாள்: "பேசினா பணம் வந்துருச்சு டீச்சர். பேசலன்னா... ஒண்ணும் தெரியாது." அவள் கடைக்கார அம்மாவின் மகள்.

இதுதான் இந்தப் பாடத்தின் மையக் கருத்து. கருவியின் குரல் ஒரு சான்று. கருவியின் மௌனம் எதற்கும் சான்றல்ல. மூன்று வேறு வேறு காரணங்களால் அதே மௌனம் வந்தது. ஒன்றில் ஏமாற்றியவர் வாங்குபவர். ஒன்றில் ஏமாற்றியவர் மூன்றாம் ஆள். ஒன்றில் யாருமே ஏமாற்றவில்லை. எது என்று அறிய ஒரே இடம், வங்கியின் நோட்டு. அதாவது கடைக்காரர் தம் செல்பேசிச் செயலியில் கணக்கைத் திறந்து பார்ப்பது. வாங்குபவரின் திரையைப் பார்ப்பது அல்ல.

கணக்கில் பணம் ஏறாமல் வாங்குபவரின் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், தோல்வியுற்ற அந்தத் தொகை அவர் வங்கிக்கே திரும்பிவிடும். இதையும் சொல்லிவிட வேண்டும். கூடவே இன்னொன்று: பணம் அனுப்ப மட்டுமே ரகசிய எண் வேண்டும்; பணம் பெற ஒருபோதும் வேண்டாம். 'உங்களுக்குப் பணம் வர ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் அது மோசடி. இந்த ஒரு வரி எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றும்.

பாடவேளை 3: தன்னைத் தானே சரிபார்க்கும் எண்

கணித ஆசிரியரை இந்த வகுப்புக்கு அழைத்தேன். பட்டைக் குறியீட்டின் கீழ் 13 இலக்கங்கள் இருக்கும். நம் நாட்டில் பதிவு பெற்ற நிறுவனங்களின் எண் பெரும்பாலும் 890 எனத் தொடங்கும். அது பதிவு செய்த இடத்தைக் குறிக்கிறதே தவிர, பொருள் தயாரான நாட்டை அல்ல. விலையும் அந்த எண்ணுக்குள் இல்லை. விலை கடையின் கணினியில் இருக்கிறது. ஆகவே, உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நம் பொறுப்பு.

கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். பாடத்துக்காக எழுதிய ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்: 890123456781. ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 8+0+2+4+6+8 = 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 9+1+3+5+7+1 = 26; இதை மூன்றால் பெருக்கினால் 78. மொத்தம் 106. அடுத்த பத்தின் மடங்கு 110. ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 4. முழு எண் 8901234567814.

இப்போது ஆறாவது இடத்திலுள்ள 3 தவறுதலாக 8 என்று பதிவானதாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் 121 ஆகிறது. சரிபார்ப்பு இலக்கம் 9 வர வேண்டும். ஆனால் 4 இருக்கிறது. கருவி உடனே ஏற்க மறுக்கும். மாணவர்கள் வீட்டிலிருந்து சோப்பு, பிஸ்கட் உறைகளைக் கொண்டுவந்து சோதித்தார்கள். எல்லா உறையிலும் கணக்கு சரியாக வந்ததும் அவர்களுக்கு வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும்.

விரைவாக முடித்தவர்களுக்கு ஒரு சவால்: அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் எல்லாத் தவறும் சிக்குமா? சிக்காது. அந்த இரண்டு இலக்கங்களின் வேறுபாடு ஐந்தாக இருந்தால் தவறு தப்பிவிடும். 1, 6 என்பது 6, 1 ஆனாலும் கூடுதலின் கடைசி இலக்கம் மாறாது. ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நன்றாகச் செய்த கருவிக்கும் தெரியாத பிழை ஒன்று உண்டு என்பது அவர்களுக்கு இங்கே எண்களாலேயே புரிகிறது.

கலந்துரையாடல்: இணைப்பின் மறுபக்கம்

இந்தக் கருவிகள் தந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். கண் மங்கிய தாத்தா நடத்தும் பெட்டிக்கடையில், எண்ணெய்க் கையோடு பஜ்ஜி போடும் அம்மாவின் தள்ளுவண்டியில், திரையைப் படிக்காமலே பணம் வந்ததை அறிய அந்தக் குரல் உதவுகிறது. அதோடு வேறு மூன்று செய்திகளையும் வகுப்பில் பேசவிட்டேன்.

முதலாவது, பாதுகாப்பு. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் அங்காடிகளில் ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளர்களின் வங்கி அட்டை விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் உள்ளே நுழைய உதவியது, அந்த அங்காடிகளுக்குக் குளிர்சாதனப் பணி செய்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல். ஒவ்வோர் இணைப்பும் ஒரு கதவு. எந்தக் கதவு பலவீனமோ அதன் வழியே திருடன் வருவான்.

இரண்டாவது, மனிதர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2018இல் அமேசான் நிறுவனம் காசாளரே இல்லாத கடை ஒன்றை மக்களுக்குத் திறந்தது. பொருளை எடுத்துக்கொண்டு நடந்து வெளியேறலாம்; கேமராக்களும் அலமாரி உணரிகளும் கணக்குப் போடும். 2024இல் அதே நிறுவனம் தன் பெரிய மளிகை அங்காடிகளிலிருந்து அந்த முறையை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. "நம்ம ஊர்ல அப்படிக் கடை வந்தா கடன் சொல்லி வாங்க முடியுமா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால், அது நல்ல கேள்வி. மாதச் சம்பளம் வரும்வரை நோட்டில் எழுதிவைத்துப் பொருள் தருவது ஒரு மனிதர் இன்னொருவர் மேல் வைக்கும் நம்பிக்கை. அதை எந்த உணரியும் அளப்பதில்லை.

மூன்றாவது, மறுக்கப்படுபவர்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது சிலருக்குக் கருவி ஏற்காது. கட்டட வேலை செய்பவர்கள், வயதானவர்கள் ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும். இங்கேயும் நம் பாடம் பொருந்துகிறது. கருவி 'பொருந்தவில்லை' என்று சொல்வதால் பாட்டி வேறு ஆள் ஆகிவிடுவதில்லை. அந்த நேரத்துக்கு ஒரு மாற்று வழி இருக்க வேண்டும். அதைக் கேட்பது அவருடைய உரிமை.

ஆசிரியர்கள் கவனிக்க

மாணவர்களைச் செல்பேசி கொண்டுவரச் சொல்ல வேண்டாம். பெற்றோரின் கணக்கு, ரகசிய எண், தொகை எதையும் வகுப்பில் கேட்க வேண்டாம். கடையில் வாடிக்கையாளர்களைப் படம் எடுக்கக் கூடாது. மிக முக்கியமாக, நடந்த நிகழ்வை எடுத்துக்காட்டாகச் சொன்னால் சம்பந்தப்பட்ட குழந்தைகள் கூனிக் குறுகிப்போவார்கள். நான் நாடகத்தில் 'ஓர் ஊரில் ஒரு கடை' என்றே தொடங்கினேன். தொகைகளை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். அதை நினைத்துப் பிறகு வருந்தினேன். நீங்கள் மாற்றிவிடுங்கள்.

மதிப்பீட்டுக்கு மூன்று வினாக்கள் போதும்:

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு கருவியை எடுத்து, எதை உணர்கிறது, யாரிடம் சொல்கிறது, அதன்பின் என்ன நடக்கிறது என எழுதுக.
2. பெட்டி பேசாமல் இருக்க மூன்று காரணங்கள் கூறுக. ஒவ்வொன்றையும் எப்படிச் சரிபார்ப்பாய்?
3. 890765432101 என்ற எண்ணின் சரிபார்ப்பு இலக்கத்தைக் கண்டறிக.

மூன்றாம் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் ஒரு அட்டை தயாரித்தார்கள். 'பெட்டி பேசாவிட்டால் இரண்டு நிமிடம் பொறுங்கள். நாங்கள் எங்கள் கணக்கைப் பார்த்துச் சொல்கிறோம். கோபம் வேண்டாம்.' என்று அதில் எழுதினார்கள். எழுத்து அழகாக உள்ளவள் பெயின்டரின் மகள்தான். அப்பாவிடம் தூரிகை கேட்டு வாங்கி வந்து எழுதினாள். அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மா வாசித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கியூ.ஆர். அட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டினார். பிறகு அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, "அப்பாவை வரச் சொல்லும்மா" என்றார்.

அடுத்த வாரம் இருவரும் பழைய பெஞ்சுக்கே வந்துவிட்டார்கள்.